காசித்தும்பையிடம் சொன்னது

ஓசூர்க் கடைத்தெருவில் நாங்கள் குடியிருந்த மாடியில் இரண்டு போர்ஷன். பால்கனி மட்டும் ஒன்றுதான். வீட்டுச் சொந்தக்காரர் பெங்களூரில் பார்த்த மோஸ்தரில் இங்கேயும் ஒன்று கட்டிவிட ஆசைப்பட்டு, பாதிக் கட்டடத்தில் ஆசை தீர்ந்துபோய், பால்கனியின் நடுவில் ஒரு மூங்கில் தட்டியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் நான் மிதிக்கிற தையல் மெஷின். அந்தப் பக்கம் நாராயணம்மாவின் செடிகள். மூங்கில் தட்டி பாதிப் பார்வையைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்கவே மறைக்காது. ஆகையால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். காதில் விழுந்தது, கேட்டேன்.

டால்டா டின், வெட்டிய மண்ணெண்ணெய் டின், வாய் உடைந்த பானை என்று எதைக் கண்டாலும் நாராயணம்மா அதில் மண்ணை நிரப்பிவிடுவாள். பட்டன் ரோஜா, செவ்வந்தி, மரிக்கொழுந்து, மத்திகிரிப் பக்கம் ஒரு துரை வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த ஜெரேனியம், கம்பி ஓரமாக வரிசையாகக் காசித்தும்பை. அந்த ஊர்க் குளிருக்கு எதை நட்டாலும் பூத்தது. கீழே சென்றாயனின் பிண்ணாக்குக் கடை. மேலேயிருந்து தண்ணீர் சொட்டினால் அவன் தெருவில் வந்து நின்று பாதி தெலுங்கும் பாதி கன்னடமுமாகத் திட்டுவான். திட்டி முடித்ததும் உடைந்த பிண்ணாக்குத் தூளை ஒரு பொட்டலம் கட்டிச் செடிகளுக்கென்று கொடுத்தனுப்புவான். அவன் சுபாவம் அப்படி.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் காலை தட்டிக்கு அந்தப் பக்கம் நாராயணம்மாவின் குரல் கேட்டது.

"ஏ காசித்தும்ப, இன்னிக்கு ரசம் ரவ புளிச்சிப்போச்சி. மோரு வேணுமான்னு கேளு."

கொஞ்சம் தள்ளி அவள் புருஷன் கோவிந்தப்பனின் குரல். "மோரு வாணாம்னு சொல்லு. தொண்ட கட்டியிருக்குது."

"தொண்ட கட்டினவங்க ராத்திரி என்னாத்துக்கு வாழப்பழம் தின்னாங்களாம்?"

"திங்கறவன் திங்கறான், இவங்களுக்கு என்னான்னு கேளு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். தலை நரைக்கிற வயதில் இப்படிக் கொஞ்சிக்கொள்கிறார்களே என்று என் வீட்டுக்காரர் ஜான்பீட்டரிடம் சொன்னேன். அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். "நான் நாள் பூராவும் மாட்டுகிட்டதான் பேசறேன். அவங்க செடிகிட்ட பேசறாங்க. உனக்கு என்ன வந்தது?" என்றார். அவரிடம் ஒரு சங்கதியைச் சொல்லி ரசிக்க முடியாது.

அது கொஞ்சல் இல்லை என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. செடி இல்லாத இடத்தில் அவர்கள் பேசுவதே இல்லை. அடுப்படியில் அவள் பரிமாறுவாள், அவர் தின்பார், தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். இன்னும் ஒரு கரண்டி குழம்பு வேண்டுமென்றால் மனிதர் எச்சில் கையோடு எழுந்து பால்கனிக்கு வந்து காசித்தும்பையிடம் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்காருவார். குழம்பு வரும். ஒரு மழைநாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டும் என்று நனைகிற செடியிடம் சொன்னதை நானே பார்த்தேன். பஸ் கம்பெனியில் மானேஜர் உத்தியோகம். டிரைவர்களெல்லாம் அவர் குரலைக் கேட்டாலே பீடியை அணைப்பார்கள். வீட்டில் இந்தக் கூத்து.

காரணத்தை நாராயணம்மாவே ஒருநாள் சொன்னாள். செவ்வந்தி பூத்து ஓய்ந்து, அடியில் விட்டிருந்த கன்றுகளைப் பிரித்துத் தனித்தனியாக நட்டுக்கொண்டிருந்தாள். நானும் தட்டியை ஒதுக்கிக்கொண்டு போய் மண் அள்ளிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் எங்கப்பன் குடுத்த பழக்கம் டீச்சரம்மா. சிங்காரப்பேட்டையில கெணத்து மோட்டுல மரிக்கொழுந்து போட்டிருந்தாரு. தண்ணி கட்டறப்ப அதுங்ககிட்ட பேசிக்கினே கட்டுவாரு. பேசினா வாசம் ஏறும்பாரு. பொய்யோ நெசமோ, எனக்கும் ஒட்டிக்கிச்சி."

"அவர் இருக்காரா அக்கா?"

அவள் கை நின்றது. கன்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கத்துச் சேதியெல்லாம் பஸ்ஸில்தான் வரும். பிள்ளை பிறந்தாலும் வரும், கிழவர் விழுந்தாலும் வரும். ஒரு கண்டக்டர் அடுத்த கண்டக்டரிடம் சொல்லி, கிருஷ்ணகிரியில் வண்டி மாறி, கடைசியில் ஆள் இருக்கிற ஊரில் இறங்கிவிடும். பஸ் கம்பெனிக்காரன் வீட்டுக்குச் சேதி வருவதென்றால் தந்தியைவிட வேகம். நாராயணம்மாவின் அப்பனுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்ற சேதி, முதல் வண்டியிலேயே கண்டக்டர் ஆஞ்சப்பன் வாய்வழியாக ஆபீஸில் கோவிந்தப்பனுக்கு வந்து சேர்ந்தது. அவர் அப்போது மானேஜர் இல்லை, டிக்கெட் கிளார்க்குதான். அன்றைக்கு மத்தியானம் கம்பெனி முதலாளி அவர் வீட்டில் சாப்பிட வருவதாக இருந்தது. வீட்டில் நாராயணம்மா உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மனிதர் யோசித்துப் பார்த்திருக்கிறார். சாயங்கால வண்டிக்கு அனுப்பினால் போகிறது என்று சேதியை மனசுக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்.

"மொதலாளி சாப்பிட்டு, வெத்தல போட்டு, காரேறிப் போனப்பறம் சொல்றாரு, உங்கப்பனுக்கு ஒடம்பு சரியில்லியாம், கெளம்புன்னு. நான் போயிச் சேர்றப்ப சுடுகாட்டுலேர்ந்து ஆளுங்க குளிச்சிட்டுத் திரும்பிட்டாங்க. பொழுது போவுதுன்னு எடுத்துட்டாங்க. திரும்பி வர்றப்ப ஆஞ்சப்பன் கேக்கறான், ஏங்க்கா, காலையில மொத வண்டியிலயே அண்ணன்கிட்ட சொன்னனே, ஏன் வரலன்னு. எங்கப்பனுக்கு உசுரு இழுத்துக்கினு கெடக்கறப்ப, என்னைச் சிரிச்ச மொகத்தோட வட சுட வச்சாரு டீச்சரம்மா. பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கினு இருந்தேன் நான்."

"அவர் என்ன சொன்னார்?"

"நீ போயி உசுரப் புடிச்சி நிறுத்தியிருப்பியான்னாரு. அன்னியோட எனக்கு அவருகிட்ட பேச்சு நின்னுபோச்சி. தப்பு பண்ணிட்டேன்னு என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

கன்றைச் சுற்றி மண்ணை அழுத்தியபடி அவள் இன்னொன்றும் சொன்னாள். "மொதல்ல நான் செடிகிட்டதான் பேசிக்கினு இருந்தேன். நெசமாவே செடிகிட்ட. ஒருநாளு அவரும் வந்து காசித்தும்பைய கூப்பிட்டு வெந்நீர் கேட்டாரு. நானும் பதில் சொன்னேன். எனக்கே அப்ப சிரிப்பு. இப்ப பாருங்க, இந்த ரோஜாகிட்ட ஏன்டி வாடிக் கெடக்கறன்னு கேட்டாக்கூட, தன்னைத்தான் கேக்கறேன்னு உள்ளேர்ந்து ஒரு பதில் வருது. அதுங்களோட பேச்சும் போச்சி எனக்கு."

அன்று இரவெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் கோபம். ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு? மானேஜர் நாக்கு தேய்ந்துவிடுமா? நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். ஜான்பீட்டர் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்தினார்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஒரு விடியற்காலையில் நாராயணம்மா கீழே குழாயடிக்குப் போயிருந்தாள். நான் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கோவிந்தப்பன் வந்து நின்றார். கனைத்தார். குரலே எழும்பாமல் காசித்தும்பையிடம் சொன்னார்.

"அன்னிக்கு நான் பண்ணது தப்புதான். அவகிட்ட சொல்லிடு."

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு வைக்கலாமா என்றும் இருந்தது. நாராயணம்மா தவலையோடு ஏறி வந்ததும் படியிலேயே மடக்கிச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் டீச்சரம்மா. எத்தினியோ தரம் சொல்லிட்டாரு. நான் கொழாயடிக்குப் போற நேரமா பாத்துச் சொல்வாரு. செடி மன்னிச்சிடுச்சி, போயி கேட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. இன்னும் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் காத்திருந்தாள்தான், அதில் சந்தேகமே இல்லை. தீபாவளிக்கு அவர் வாங்கி வந்த புடவையைச் செடியிடம் ஒரு மாதிரி நொட்டை சொல்லிவிட்டு, அதையே கட்டிக்கொண்டு அவர் கண்ணில் படும்படி பால்கனியில் நின்று தண்ணீர் ஊற்றினாள். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, புடவை நன்றாயிருக்கிறது என்று ஜெரேனியத்திடம் சொன்னார். அந்த அளவுக்கு வந்தவர் முகத்தை ஒரு சாண் திருப்பியிருக்கக் கூடாதா?

ஓசூரை மைசூரோடு சேர்த்துவிடுவார்கள், இல்லை மதராஸிலேயே விட்டுவிடுவார்கள் என்று கடைத்தெருவே இரண்டுபட்டுக் கிடந்த சமயம் அது. அதில் ஒரு லீவு நாள் காலை. நான் என் பக்கம் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கோவிந்தப்பன் கம்பியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

கீழே குழாயடியில் நடந்தது பிறகுதான் எனக்குத் தெரியும். பாரூரிலிருந்து சேதி வந்திருந்தது. கோவிந்தப்பனின் தாயாருக்கு மூச்சு வாங்குகிறது, பிள்ளையைக் கேட்கிறாள் என்று. கொண்டு வந்தவன் அதே ஆஞ்சப்பன். ஒரு தரம் ஆபீஸில் சொல்லி ஆன கதை அவனுக்கு மறக்கவில்லை. அதற்குப்பின் சாவுச் சேதியை அவன் யாருக்கும் ஆபீஸில் சொல்வதில்லை, வீட்டுக்கே போய்ப் பெண்டுகளிடம்தான் சொல்லுவான். வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் குழாயடிக்கு வந்து நாராயணம்மாவிடம் சொல்லிவிட்டான்.

வேறொருத்தியாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மத்தியானம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கணக்கு நேராகியிருக்கும். நானாக இருந்தால் ஒரு நிமிஷமாவது அந்த எண்ணம் வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை. தவலையைக் குழாயடியிலேயே போட்டுவிட்டுப் படியில் ஓடி வந்தாள். மூச்சு இரைக்கப் பால்கனியில் வந்து நின்றாள்.

"ஏங்க" என்றாள்.

என் கை முறத்திலேயே நின்றுவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற சாதாரண வார்த்தைதான். ஊரெல்லாம் நாளெல்லாம் ஒலிக்கிற வார்த்தை.

கோவிந்தப்பன் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். சோப்பு நுரைக்குள் உதடு லேசாக விரிந்ததை நான் பார்த்தேன். பிறகு நிதானமாகக் காசித்தும்பைப் பக்கம் குனிந்தார்.

"யாரையோ கூப்பிடறாங்களே, யாருன்னு கேளு."

இதைப்பற்றி அவரே பிற்பாடு ஜான்பீட்டரிடம் சொல்லி அழுதாராம். அவளே முதலில் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில், ஒரே ஒரு நிமிஷம் ஜெயித்த சுகத்தை அனுபவித்துவிட்டுத் திரும்பலாம் என்று இருந்தாராம். அடுத்த நிமிஷம் திரும்பத்தான் இருந்தாராம். இருக்கலாம். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை.

நாராயணம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். ஈரக்கை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போனதை நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பிறகு பேசினாள். செடியைப் பார்த்து அல்ல, அவர் முதுகைப் பார்த்து.

"உங்கம்மா பாரூர்ல இழுத்துக்கினு கெடக்கறாங்களாம். உங்களக் கேக்கறாங்களாம். ஆஞ்சப்பன் வண்டிய நிறுத்தி வச்சிருக்கறான். மொகத்தக் கழுவிக்கினு கெளம்புங்க, இப்ப போனா பாக்கலாம்."

பாதிக் கன்னம் மழித்தபடியே அவர் கிளம்பினார். அவளும் கூடவே போனாள். முன் சீட்டில் பெண்களோடு அவள், பின்னால் அவர் என்று ஆஞ்சப்பன் வந்து சொன்னான். போய்ச் சேரும்போது கிழவிக்கு நினைவு இருந்ததாம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவர் கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாளாம். மருமகள் காலடியில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாளாம்.

அவர்கள் இல்லாத நாளெல்லாம் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பேசினால் நல்லது என்று கேட்டிருந்தேனே, நானும் முயன்று பார்த்தேன். "தண்ணி போதுமா?" என்றேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

காரியம் முடிந்து நாராயணம்மா முன்னால் வந்துவிட்டாள். அண்ணன் தம்பிகளோடு ஏதோ நிலப் பேச்சு இருக்கிறதென்று அவர் தங்கிவிட்டார். வந்த மறுநாளே அவள் தட்டியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"டீச்சரம்மா, இந்தச் செடியெல்லாம் நீங்க எடுத்துக்கறீங்களா?"

"ஏன் அக்கா?"

"வச்சிக்கங்க. எனக்கு அதுங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. செவ்வந்தியும் ஜெரேனியமும் எனக்கு வந்தன. பட்டன் ரோஜாவைச் சென்றாயன் ஒரு வார்த்தை திட்டாமல் வாங்கிக்கொண்டு போனான். மரிக்கொழுந்தைக் கோயிலுக்குக் கொடுத்தாள். காசித்தும்பை விதை வெடித்து ஓய்ந்திருந்தது. அதை வேரோடு பிடுங்கி, டின்னைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டிவிட்டு, பால்கனியைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். தண்ணீர் சொட்டியபோது கீழேயிருந்து யாரும் சத்தம் போடவில்லை.

கோவிந்தப்பன் மொட்டைத் தலையோடு ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். பையை வைத்துவிட்டு முதலில் பால்கனிக்குத்தான் வந்தார். தரையில் டின் இருந்த இடமெல்லாம் துருப்பிடித்த வளையம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்ல வந்தாரோ, சொல்ல ஆளில்லை.

"வந்துட்டீங்களா?" உள்ளேயிருந்து நாராயணம்மாவின் குரல் கேட்டது. "குளிச்சிட்டுச் சாப்பிடறீங்களா, இப்பவே போடட்டுங்களா?"

அவர் சட்டென்று திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளை தாயைக் கண்டுகொண்ட முகம். அன்றுவரை நான் அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பார்வையில் போய்விட்டது. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நாராயணம்மா. அன்னிக்கு நான் பண்ணது தப்பு. உங்கப்பன் மொகத்த நீ பாக்காம பண்ணிட்டேன். எங்கம்மா வாயில பால ஊத்தறப்பதான் எனக்கு ஒறைச்சிது. நீ என்னைப் போவ விட்டியே."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நான் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன். மனசுக்குள் ஜெபமே செய்தேன்.

"சரிங்க" என்றாள் நாராயணம்மா.

"சரின்னா?"

"அன்னிக்கு ஏங்கன்னு கூப்பிட்டனே. இதைச் சொல்லாட்டியும் போவுது, திரும்பி என்னான்னு கேட்டிருந்தீங்கன்னா அங்கியே அழுதிருப்பேன். அத்தினியும் கரைஞ்சி போயிருக்கும். எத்தினி வருஷமா அதுக்குத்தான் இருந்தேன். இப்ப அழுவ வரலங்க எனக்கு. வருமான்னு பாத்தேன், வரல. கைய கழுவிக்கினு வாங்க, சோறு ஆறுது."

அவர் வாசற்படியிலிருந்து கையை எடுத்தார். பிறகு கை கழுவுகிற சத்தம் கேட்டது. பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். "கொழம்பு போதுங்களா? பொரியல் இன்னும் ரவ வைக்கட்டுங்களா?" என்று ஒவ்வொன்றாக அவரையே கேட்டாள். போதும், போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.